சில்வர் பீச்சில் தாலி தேடும்போது டிடெக்டரை எப்படி வைப்பது

மாசி மகத்துக்கு மறுநாள் காலையில் என் கடை வாசலில் யாராவது கண் கலங்கி நிற்பார்கள். கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை என்னுடையது. சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் சாமியோடு கடலில் இறங்கிய கூட்டத்தில் ஒருவருக்குத் தாலி போயிருக்கும், இன்னொருவருக்கு மோதிரம். என்னிடம் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்ற உலோகம் தேடும் டிடெக்டர் இருப்பதைக் கேள்விப்பட்டு வருவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன் கொண்டுவந்து கொடுத்த கருவி அது. விலை கூடியது. ஆனாலும் செட்டிங் புரியும்வரை அதை வைத்து சோடா மூடியும் ஆணியும்தான் எடுத்தேன். அப்படி யாரும் ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் காயில், அதாவது கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அதில் ஓடும் மாறுமின்சாரம் மணலுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் கருவி எண் காட்டுகிறது. ஆனால் உப்புத்தண்ணீரும் மின்சாரம் கடத்தும். மழைக்காலம் முடிந்தபின் கரையில் வரிவரியாகக் கிடக்கிறதே கருமணல், அதில் இரும்புத் தாது உண்டு. ஆக நம் கரையில் மணலும் தண்ணீரும்கூடச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை அடக்கி, தங்கத்தின் சத்தத்தை விட்டுவைப்பதுதான் செட்டிங் வேலை முழுவதும்.

கரைக்குப் போனதும் கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். காயிலைத் தரையில் படாமல் தூக்கி, ஆட்டாமல் பிடித்து, வெளி மின் இரைச்சலை ஒதுக்கும் நாய்ஸ் கேன்சல் கொடுங்கள். சில நொடி வேலைதான். பிறகு மோட், அதாவது இடத்துக்கேற்ற தேடல் முறை: காய்ந்த மணலுக்கும் ஈர மணலுக்கும் பீச் 1. அலை அடித்துத் திரும்பும் இடத்திலும் தண்ணீருக்குள்ளும் பீச் 2. கருவி மூன்று மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்றாலும், நம் பக்கத்து அலையில் இடுப்புக்கு மேல் நான் இறங்குவதில்லை.

அடுத்தது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மணலின் சத்தத்தை ஒதுக்கக் கருவியைப் பழக்குவது. உலோகம் எதுவும் இல்லாத ஓர் இடம் பார்த்து, பட்டனை அழுத்திக்கொண்டே காயிலை மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். எண் ஓரிடத்தில் நிற்கும், சத்தம் குறையும். காய்ந்த மணலில் செய்ததை வைத்துக்கொண்டு ஈர மணலில் தேடக் கூடாது. கருமணல் வரி வந்தாலும் மறுபடி செய்யுங்கள்.

பலரும் தவறுவது சென்சிட்டிவிட்டியில், அதாவது கருவி எவ்வளவு சின்னச் சத்தத்தையும் பிடிக்கிறது என்பதில். 25 வரை போகும். அதிகம் வைத்தால் ஆழம் கூடும் என்று நானும் நினைத்து 25-லேயே வைத்திருந்தேன். ஈர மணலில் காயில் ஓயாமல் கத்தியது. அதில் எது உலோகம், எது உப்பு என்று காது பிரிக்கவில்லை. இப்போது 20-ல் தொடங்கி, காயிலை வீசும்போது வீண் சத்தம் நிற்கும்வரை ஒவ்வொன்றாகக் குறைக்கிறேன். தண்ணீர் ஓரத்தில் சில நாள் 16 வரைகூட இறங்க வேண்டியிருக்கும். அமைதியான 16, கத்துகிற 25-ஐவிட ஆழமாகப் பார்க்கும்.

இனிதான் முக்கியமானது: டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத எண்களுக்குச் சத்தம் வராமல் அடைப்பது. கருவி -9-லிருந்து 40 வரை எண் காட்டும். பூஜ்யமும் அதற்குக் கீழும் இரும்பு. தங்கம் உயர்ந்த பொருள், அதனால் பெரிய எண் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வாளியில் காய்ந்த மணல் நிரப்பி வீட்டு நகைகளைப் புதைத்துப் பார்த்தேன். மனைவியின் வெள்ளி மெட்டி இருபதுக்கு மேல் வந்தது. மெல்லிய தங்க மோதிரம் 6, 7. மகளின் சன்னமான சங்கிலி 1, 2 என்று தடுமாறியது, சில தடவை சத்தமே இல்லை. சங்கிலியை முழுதாக ஒரு பொருளாகக் கருவி பார்ப்பதில்லை. கண்ணி கண்ணியாகத்தான் பார்க்கிறது. பாக்குப் பொட்டலத்து ஜிகினாத் தாளும் இதே எண்களில்தான் வரும்.

ஒரு வருஷம் தாள் எரிச்சலில் 5-க்குக் கீழே எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஓர் அம்மாவின் பொட்டுத்தாலியைத் தேடினேன். அவர் காட்டிய இடத்தில் மூன்று முறை போனேன், ஒன்றுமில்லை. பொழுது சாயும் நேரத்தில் அடைத்ததைத் திறந்துவிட்டுப் போனேன். நாலு விரற்கடை ஆழத்தில், எண் 4. மூன்று முறையும் அதன் மேலேயே காயில் போயிருக்கிறது. அன்றிலிருந்து 1-லிருந்து மேலே எதையும் அடைப்பதில்லை. தாள் வந்தால் வரட்டும், தோண்டுவேன்.

ரிகவரி ஸ்பீடு 1 முதல் 8 வரை. ஒரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கருவி எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பது. குப்பை நெருக்கமாகக் கிடக்கும் சில்வர் பீச்சில் 6. ஆள் நடமாட்டம் குறைந்த கரையில் 4 போதும், ஆழம் சற்றுக் கூடும். அயர்ன் பயாஸ் துருப்பிடித்த ஆணியும் சோடா மூடியும் நல்ல உலோகம்போல ஏமாற்றுவதை அமுக்கும். மிகவும் கூட்டினால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் மோதிரமும் அமுங்கிவிடும், ஆகவே குறைவாகவே வைக்கிறேன். எஃகு ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டுகிற ரகம். எண் குதிக்கும், கவலைப்பட வேண்டாம்.

தேடும் இடத்திலும் கவனம் வேண்டும். புதுச்சேரி பக்கத்துப் பழைய துறைமுகமான அரிக்கமேடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குக் கருவியோடு போகவே கூடாது. மண்ணில் புதைந்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நான் தேடுவது நேற்றுத் தொலைந்ததை மட்டும்தான்.

பொருள் கிடைத்ததும் உடனே காட்டிவிட மாட்டேன். கூட்டம் சூழ்ந்திருக்கும், உரிமை கொண்டாட நாலு பேர் வருவார்கள். கையை மூடிக்கொண்டு, தாலியில் என்ன உரு, பக்கத்தில் எத்தனை குண்டு, கயிறா சங்கிலியா என்று கேட்பேன். சரியாகச் சொன்ன பிறகே கையைத் திறப்பேன்.