பெயர் தெரியாத கிரிப்டோ காயினா? பெரிதாக வாங்குமுன் கொஞ்சம் விற்றுப் பாருங்கள்

ஒரு கிரிப்டோ காயின் 0.0004 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைப்பதால் மட்டும் அது மலிவாகிவிடாது. காயின்கெக்கோ போன்ற தளங்களில் ஒவ்வொரு காயினுக்கும் இரண்டு தொகைகள் காட்டுவார்கள். ஒன்று, இப்போது புழங்கும் காயின்களின் சந்தை மதிப்பு. மற்றது, இனி வெளிவர வேண்டியவற்றையும் சேர்த்த முழு மதிப்பு. முதலாவது 20 மில்லியன், இரண்டாவது 200 மில்லியன் என்றால் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் சந்தைக்கே வரவில்லை. அது யாருக்கு ஒதுக்கப்பட்டது, எந்த மாதத்தில் விடுவிக்கப்படும் என்ற அட்டவணையைத் தேடிப் பிடியுங்கள். தொடக்கத்திலேயே அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்களுக்குச் சந்தை விலையில் பாதி கிடைத்தாலும் லாபம்தான். விடுவிக்கப்பட்டதும் அவர்கள் விற்றால், கெட்ட செய்தி எதுவுமே இல்லாமல் விலை சரியலாம்.

அடுத்தது, வெளியே வரும் வழி. சின்னக் காயின்களில் பலவற்றுக்கு யூனிஸ்வாப் போன்ற இணையப் பரிமாற்றத் தளத்தில் உள்ள ஒரு பூல்தான் (காயினும் பணமும் சேர்த்துப் போட்டு வைத்த பொதுக் குவியல்) சந்தை. அந்தப் பூலில் ஒரு பக்கம் 50,000 டாலர், மறுபக்கம் அதே மதிப்புக்குக் காயின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களிடம் திரையில் 5,000 டாலர் மதிப்புள்ள காயின் இருந்தால், விற்கும்போது கைக்கு வருவது ஏறத்தாழ 4,545. திரையில் 25,000 என்று காட்டினால் கிடைப்பது 16,667தான். நீங்கள் விற்க விற்க விலையும் கூடவே இறங்கும். கட்டணம் தனி. அதனால் உங்கள் முதலீடு பூலின் ஒரு பக்கத் தொகையில் 1 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூலில் போட்ட பணத்தை உருவாக்கியவர்களே உருவிக்கொள்ள முடியாதபடி பூட்டியிருக்கிறார்களா, எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் பத்துப் போலிகள் இருக்கும். திட்டத்தின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து கான்ட்ராக்ட் (காயினை இயக்கும் நிரல்) முகவரியை எடுத்து, எத்தீரியம் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் முழுமையாக ஒட்டிப் பாருங்கள். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் ஒத்துப்போனால் போதாது. அங்கே ‘ஹோல்டர்ஸ்’ (காயின் வைத்திருப்போர்) பகுதியில் பூல், எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் நிறுவனம்) முகவரிகளைக் கழித்துவிட்டு, மீதியில் முதல் பத்துப் பேரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டுங்கள். பாதிக்கு மேல் என்றால் விட்டுவிடுவதே நல்லது. புதிய காயின்களை இஷ்டத்துக்கு அச்சடிக்கவோ, ஒருவர் தன் வாலட்டில் (காயின் வைக்கும் மின்பணப்பை) உள்ளதை விற்பதைத் தடுக்கவோ உரிமையாளருக்கு அதிகாரம் இருந்தாலும் அதே முடிவுதான். 2021 நவம்பரில் ஸ்குவிட் டோக்கன் என்ற காயின் 2,800 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டு, நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனது. வாங்கியவர்களால் அதை விற்கவே முடியவில்லை.

ஆகவே முதலில் 50 வெள்ளிக்கு மட்டும் வாங்கி, உடனே பாதியை விற்றுப் பாருங்கள். விற்க முடியாவிட்டாலோ, நியாயமான கட்டணத்துக்கு மேல் கழிந்தாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்று விற்க முடிந்தால் நாளையும் முடியும் என்பது உறுதியில்லை. அதனால் கான்ட்ராக்டைப் பின்னால் மாற்றியமைக்க உரிமையாளருக்கு வழியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வளரும் வாய்ப்பை எடைபோட ஒரே கேள்வி போதும்: இந்தச் சேவைக்கு யார் காசு கொடுக்கிறார்கள், அதில் எவ்வளவு காயின் வைத்திருப்பவருக்கு வருகிறது? பதில் இல்லாமல் வட்டி மட்டும் அதிகமென்றால் விலகுங்கள். சிங்கப்பூரில் பதிவான நிறுவனம் நடத்திய டெர்ரா என்ற கிரிப்டோ திட்டத்தில் ஆண்டுக்கு 20 விழுக்காட்டை ஒட்டி வட்டி தந்தார்கள். 2022 மே மாதம், 80 டாலர் அளவில் இருந்த அதன் காயினான லூனா ஒரு வாரத்துக்குள் ஒரு காசுக்கும் கீழே போனது.

எக்ஸ்சேஞ்ச் வழியாக வாங்குவதென்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அதன் உரிமத்தையும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். உரிமம் எக்ஸ்சேஞ்சுக்குத்தான், அங்கே விற்கும் காயினுக்கு அல்ல. வங்கிச் சேமிப்புக்கு உள்ள 100,000 வெள்ளி வைப்புத்தொகைக் காப்புறுதியும் இதற்குக் கிடையாது. வீட்டுத் தவணை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் காசு எதையும் இதில் இறக்காதீர்கள்.

வாங்கியபின், உங்கள் காயினை எடுத்துக்கொள்ள வாலட்டில் தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்துவிடுங்கள். கேட்காமலே வாலட்டுக்குள் வந்து விழும் காயின்களைத் தொடாதீர்கள். 12 அல்லது 24 சொல் கொண்ட வாலட்டின் மீட்புத் தொடரை (அதைத் திறக்கும் ரகசியச் சாவி) யார் கேட்டாலும் தர வேண்டாம். சந்தேகம் வந்தால் பணம் அனுப்புமுன் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.