பழைய பேட்டரி லாந்தரை எல்இடிக்கு மாற்றலாம்

பரணில் கிடக்கும், நாலு பெரிய பேட்டரி போடுகிற பிளாஸ்டிக் லாந்தரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் இழை பல்பு அரை ஆம்பியர் வரை குடிக்கும், சாதா பேட்டரி என்றால் விடிவதற்குள் மங்கிவிடும். பல்பைக் கழற்றிவிட்டு 5 மி.மீ. வெள்ளை எல்இடி ஆறும் மின்சாரத்தை அளவோடு விடுகிற 150 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஆறும் வாங்குங்கள் (அதன் மேல் பழுப்பு, பச்சை, பழுப்புக் கோடு இருக்கும்). கணக்கு இதுதான்: நாலு பேட்டரி சேர்ந்து 6 வோல்ட், எல்இடிக்குச் சுமார் 3.2, மிச்சம் 2.8 வோல்ட்டை 150 ஓமால் வகுத்தால் ஒரு எல்இடியில் ஓடும் மின்சாரம் கிட்டத்தட்ட 19 மில்லி ஆம்பியர்.

ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர்தான். ஒன்றே போதுமென்று கஞ்சத்தனம் பார்த்து நான் ஆறையும் ஒரே ரெசிஸ்டரில் கோத்தேன், ஒன்று மட்டும் பளீரென்று, மற்றவை அழுதுவடிந்தன. எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ், அதில் ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள்.

அப்புறம் எல்இடி வெளிச்சம் டார்ச் மாதிரி ஒரே பக்கம் குத்தும். மேல்முனையை உப்புத்தாளில் பால் நிறமாகும்வரை தேய்த்தால் அறை முழுக்கப் பரவும். நல்ல ஆல்கலைன் பேட்டரி போட்டால் 100 மணி நேரம் தாராளமாக ஓடும், கடைசியில் மெல்ல மெல்லத்தான் மங்கும்.