ராஜமாணிக்கம் ஏன் எழுந்து நடக்கவில்லை? கதாபாத்திரம் படைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜமாணிக்கம் என்று ஒரு தையல்காரர். 52 வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மிதி மெஷின் போட்டுக் கடை வைத்திருக்கிறார். ரெடிமேட் கடைகள் வந்தபிறகு தொழில் படுத்துவிட்டது. இவரை வைத்து ஒரு சிறுகதை எழுத மூன்று வருடம் முயன்றேன். நான்கு முறை எழுதி, நான்கு முறையும் மூடி வைத்தேன். கதை எழுதத் தொடங்குகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதியை இந்த ஒரே மனிதரிடம் செய்து பார்த்துவிட்டேன் என்பதால், அவரையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "ராஜமாணிக்கம் நேர்மையானவர். கடும் உழைப்பாளி. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அவர் நெஞ்சுக்குள் ஒரு பெரும் சோகம் குடியிருந்தது."

கல்யாணத் தரகர் பேசுவது போல இருக்கிறது, இல்லையா? பையன் நல்ல பையன், கெட்ட பழக்கம் கிடையாது. தரகர் சொல்வதை யார் நம்புகிறார்கள்? நாலு இடத்தில் விசாரிப்போம். வாசகரும் அப்படித்தான். நேர்மையானவர் என்று நாம் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார், நம்பமாட்டார். குணத்தைப் பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் அடுக்குவது முதல் தவறு. கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது.

இரண்டாவது பிரதிக்கு முன்னால் யாரோ சொன்னதைக் கேட்டு, ராஜமாணிக்கத்துக்கு ஒரு ஜாதகமே எழுதினேன். பிறந்த ஊர், அப்பா இறந்த வருடம், பிடித்த பாட்டு, பிடிக்காத காய்கறி என்று ஆறு பக்கம். எழுதும்போது சுகமாக இருந்தது. கதை எழுதுகிறோம் என்ற நினைப்பும் வந்துவிடுகிறது, ஆனால் கதையில் ஒரு வரிகூட நகர்ந்திருக்காது. அந்த ஆறு பக்கத்தில் கடைசிவரை எனக்கு உதவியது ஒரே ஒரு வரி: மெஷினுக்கு எண்ணெய் விடாமல் அவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். மற்றதெல்லாம் தகவல். இந்த வரியில் மட்டும் ஒரு ஆள் இருந்தார். இன்னொரு தொல்லையும் உண்டு. கஷ்டப்பட்டுத் தயாரித்த ஜாதகத்தை வீணாக்க மனம் வராது. முதல் இரண்டு பக்கத்திலேயே அத்தனையையும் கொட்டிவிடுவோம். கதை தொடங்குவதற்குள் வாசகர் கிளம்பிவிடுவார்.

ராஜமாணிக்கம் முதன்முதலாக அசைந்தது மூன்றாவது பிரதியில். எதிர் வரிசையில் இருக்கும் ரெடிமேட் கடையிலிருந்து பேண்ட்டுகளின் கால் நீளம் குறைத்துத் தைக்கும் வேலை வருகிறது, பீஸுக்கு இவ்வளவு என்று. தன் தொழிலைக் கெடுத்த கடை. வீட்டில் பணம் வேண்டும். வாங்குகிறார். கூடவே வந்த ஒரு சட்டையில் பட்டன் தொங்குகிறது. யாரும் கேட்கவில்லை, காசும் கிடையாது. இருந்தும் நூல் கோத்து அதை இறுக்கித் தைத்துக் கொடுத்தனுப்புகிறார். கோபமும் கைப்பழக்கமும் ஒரே நேரத்தில் இழுக்க, கை ஜெயித்துவிட்டது. இதற்குமேல் "நேர்மையானவர்" என்று எதற்கு எழுத வேண்டும்?

நான் கற்றுக்கொண்டது இதைத்தான். ஆளை வர்ணிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் இழுக்கிற ஒரு இக்கட்டில் நிறுத்த வேண்டும். பிறகு நடுவில் புகாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

ஒரு பாத்திரம் எடுக்கும் ஒரு முடிவில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரும் சர்ச்சையானது. கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதோடு கதை முடிகிறது. பிறகு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் அங்கிருந்து கிளம்பியது. 1972இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. மகள் அதே மகள், நடந்ததும் அதேதான். தாய் எடுத்த முடிவு மாறியதும் ஒரு முழு வாழ்க்கையே வேறாகிவிட்டது. உங்கள் கதையில் யாராவது ஒருவர் எடுக்கும் முடிவை மாற்றிப் பாருங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் அந்த ஆள் அங்கே சும்மா நிற்கிறார் என்று அர்த்தம்.

சரி, பட்டன் தைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பிரதியில் ராஜமாணிக்கத்தை மகானாக்கிவிட்டேன். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை தைத்தார், கடை வாசலில் நாய்க்குச் சோறு வைத்தார். எதிர்க்கடை முதலாளி தங்கச் சங்கிலியோடு வில்லனாக உட்கார்ந்திருந்தார். படித்துப் பார்த்தால் எனக்கே சலிப்பு. நமக்குப் பிடித்த பாத்திரத்தைத் தூசு படாமல் பொத்திப் பொத்தி வைப்பதும் ஒரு தவறுதான். நம் கருத்துகளை அவர் வாயில் போட்டுப் பேசவைப்பது அதன் அடுத்த கட்டம். பிறகு ஒரு தையல்காரரிடமே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். துணி எடுக்கும்போது கால் மீட்டர் கூடச் சொல்லும் வழக்கத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மிச்சத்தில் பேத்திக்குக் கவுன் ஆகிவிடுமாம். ராஜமாணிக்கத்துக்கும் அதைக் கொடுத்தேன். கூலி இல்லாமல் பட்டன் தைக்கிற அதே ஆள், கால் மீட்டர் துணியை லவட்டுகிறார். அப்போதுதான் அவருக்கு நிழல் விழுந்தது.

உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது

"அவர் மிகவும் வேதனைப்பட்டார்." "துக்கம் தொண்டையை அடைத்தது." "கண்கள் குளமாயின." இவை எல்லாக் கதையிலும் வருகின்றன, எந்த ஆளுக்கும் பொருந்துகின்றன. அதுதான் சிக்கல்.

இதற்கு எனக்கு உதவியது தொல்காப்பியம் என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகள். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மறந்திருப்போம். அடுத்த படிதான் எழுதுகிறவருக்குப் பொக்கிஷம். ஒவ்வொரு மெய்ப்பாடும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்லியிருக்கிறது. அழுகைக்கு: "இளிவே இழவே அசைவே வறுமை." பிறர் இழிவாக நடத்துவது இளிவு. உறவையோ பொருளையோ பறிகொடுப்பது இழவு. முன்பு இருந்த நிலை கெட்டு வேறாகிப்போவது அசைவு. அப்புறம் வறுமை.

ராஜமாணிக்கத்தின் "பெரும் சோகம்" இதில் எது? நான் வறுமை என்றே நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அதனால்தான் காலிப் பாத்திரம், கிழிந்த பாய், கட்டாத கரண்ட் பில் என்று ஒரே அழுகாச்சி. உண்மையில் அவருடையது அசைவு. ஒரு காலத்தில் தீபாவளிக்கு இருபது நாள் முன்பே "ஆர்டர் எடுப்பதில்லை" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டவர் அவர். அந்த அட்டை இன்னும் மேஜைக்குக் கீழே கிடக்கிறது. இந்த அட்டை எனக்குக் கிடைத்ததும் கிழிந்த பாயைத் தூக்கிவிட்டேன். உங்கள் பாத்திரம் அழுதால் இந்த நான்கில் எதற்காக என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பொருளைக் காட்டுவது என்பது தானாகத் தெரியும்.

கூப்பிடும் முறையை வீணடிப்பது

நம் மொழியில் இரண்டு பேர் பேசினால் அவர்களின் வயது, உறவு, அந்தஸ்து, அன்றைய மனநிலை எல்லாம் கூப்பிடுகிற சொல்லிலேயே வந்துவிடும். நீயா நீங்களா, அண்ணனா சாரா, "ஏங்க"வா பெயரா. இவ்வளவு வசதி இருந்தும் புதிதாக எழுதுகிறவர்களின் உரையாடலில் எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுகிறார்கள். முதலாளி பேசுவதையும் எடுபிடிப் பையன் பேசுவதையும் மாற்றிப் போட்டால்கூடத் தெரியாது.

என் கதையில் எதிர்க்கடைக்காரர் சின்ன வயதுக்காரர். அவர் பள்ளிக்கூட டிரவுசரையே ராஜமாணிக்கம்தான் தைத்திருக்கிறார். அதனால் இவர் அவருக்கு "அண்ணே", அவர் இவருக்கு "தம்பி". பேண்ட் வேலை வர ஆரம்பித்த இரண்டாம் மாதம், "என்ன டெய்லர், இன்னும் முடியலையா?" என்று கடைப் பையன்கள் முன்னால் ஒரு கேள்வி வருகிறது. ராஜமாணிக்கம், "சாயங்காலம் தந்துடறேன் சார்" என்கிறார். அவ்வளவுதான். அண்ணே டெய்லர் ஆனதும், தம்பி சார் ஆனதும், தொல்காப்பியம் சொன்ன இளிவு அங்கே முழுசாக வந்துவிட்டது. அதன் பிறகு நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கப் புலம்பலை வெட்ட வேண்டியதாயிற்று. வலித்தது, வெட்டினேன்.

வட்டார வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஆள் ஒரு வரியில் "என்னலே" என்று நெல்லையிலும் அடுத்த வரியில் "ஏனுங்க" என்று கொங்கிலும் பேசும் கதைகளைப் படித்திருக்கிறேன். தெரியாத வழக்கை எழுதுவதைவிடப் பொதுவான பேச்சுத்தமிழில் எழுதுவது மேல். உங்கள் வீட்டில் பேசுவதை நீங்கள் எழுதினாலே போதும், அதில் ஒரு ஊரே இருக்கிறது.

பெயர் விஷயமும் அப்படித்தான். சுரேஷ், சதீஷ், சந்தோஷ் என்று மூன்று நண்பர்கள் வந்தால் இரண்டாம் பக்கத்தில் குழம்பிவிடும். எழுபது வயதுக் கிராமத்துப் பெரியவருக்கு ஹர்ஷித் என்று பெயர் வைக்காதீர்கள்.

தெரிந்தவரை அப்படியே தூக்கி வைப்பது

ஒருமுறை உறவினர் ஒருவரைத் தலை முதல் கால் வரை மாற்றாமல் கதையில் வைத்தேன். பெயர் மட்டும் வேறு. மூக்குப்பொடி டப்பாவைத் தட்டும் விதம்கூட அப்படியே. கதை ஒரு சிற்றிதழில் வந்தது. எந்தப் புண்ணியவானோ கொண்டுபோய்க் காட்டிவிட்டான். இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. மனத்தாங்கல் ஒருபுறம் இருக்கட்டும், கதையும் நன்றாக இல்லை. நிஜ ஆள் கண்முன் நிற்பதால், அவர் செய்யாத எதையும் பாத்திரத்தைச் செய்யவைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒருவரின் நடையை எடுத்து, இன்னொருவரின் கஞ்சத்தனத்தைச் சேர்த்து, மூன்றாமவரின் தொழிலில் உட்காரவைத்தால்தான் புது ஆள் பிறப்பார். சினிமாவிலும் சீரியலிலும் பார்த்த மாமியார், போலீஸ், ரவுடி ஆகியோரை எடுப்பது இதைவிட மோசம். அவர்கள் ஏற்கெனவே நகலின் நகல்கள்.

இனி எழுதுகிறவரின் பழக்கங்கள். முதல் பத்தியை இருபது முறை மெருகேற்றிவிட்டு மூன்றாம் பக்கத்தைத் தொடாமலே விடுவது நானும் செய்த தவறு. முடிவே இல்லாத பதினோரு தொடக்கங்கள் என் பழைய நோட்டில் இருக்கின்றன. முடித்த மோசமான கதையிலிருந்து கற்றுக்கொள்ளலாம். பாதியில் விட்ட அழகான தொடக்கம் எதையும் கற்றுத்தராது. உரையாடலை வாய்விட்டுப் படிக்காமல் அனுப்பாதீர்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் பொய் இருக்கும். எழுதி முடித்த அன்றே யாருக்கும் காட்டாதீர்கள்.

காட்டும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்பதும் தவறுதான். "நல்லாருக்கு" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. எந்த இடத்தில் நம்பவில்லை என்று கேளுங்கள். என் மனைவியிடம் அப்படிக் கேட்டேன். நான்காம் பிரதியைப் படித்துவிட்டு உடனே சொன்னாள்: "உங்க ராஜமாணிக்கம் டேப்பை எடுத்துப் பொம்பளைங்களுக்கு ஜாக்கெட் அளவு எடுக்கிறாரே, எந்த ஊர்ல? நாங்க அளவு ஜாக்கெட்டைக் குடுத்துட்டு வந்துடுவோம்."

மூன்று வருடம் தையல்காரரைப் பற்றி எழுதியவனுக்கு இது தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஐந்தாவது முறையாக உட்கார்ந்தேன். பத்து வருடமாக ஒரே அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவரும் ஒரு டீச்சரம்மா வருகிறார். இந்த முறை கொடுக்கும்போது, "ரெண்டு பக்கமும் நல்லாப் பிடிச்சுத் தைச்சுடுங்கண்ணே, தொளதொளன்னு இருக்கு" என்கிறார். ராஜமாணிக்கம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கட்டியை எடுத்துக் கோடு போடுகிறார். தையல் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்மா என்கிறார்.