ஸ்மார்ட் ட்ரான்ஸ்போமர்: பொருத்தும்போது நடக்கும் பிழைகள்

மீற்றரும் மோடமும் பூட்டிய ட்ரான்ஸ்போமர் பிழையான அளவை அனுப்பினால், அதை நம்பி எடுக்கும் முடிவும் பிழைதான். அநேகமாகக் கோளாறு தொடங்குவது சீ.ரீ.யில், அதாவது லைனில் ஓடும் பெரிய கரண்டை மீற்றருக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் கரண்ட் ட்ரான்ஸ்போமரில்.

33 கிலோவோல்ற்றை 400 வோல்ற்றாகக் குறைக்கும் 160 கேவிஏ ட்ரான்ஸ்போமரில் முழுச் சுமை பேஸுக்கு 231 அம்பியர். 300/5 சீ.ரீ. (300 அம்பியரை 5 அம்பியராகக் குறைப்பது) போதும். ஸ்டோரில் கிடக்கிறதே என்று 800/5 போட்டால், நள்ளிரவில் ஓடும் 25 அம்பியர் அதில் வெறும் 3 சதவீதம். 0.5 வகுப்பு (முழு அளவில் 0.5 சதவீதப் பிழைக்குள் காட்டும்) சீ.ரீ.யின் துல்லியத்துக்கு 5 சதவீதத்துக்குக் கீழே உத்தரவாதமில்லை.

இதைவிட ஆபத்தானது பேஸ் மாறுவது. மூன்று பேஸ்களில் ஒன்றான ஆர் பேஸின் சீ.ரீ.யை இன்னொன்றான வை பேஸின் வோல்ற்றோடு இணைத்தால் அம்பியர் சரியாகவே தெரியும். கிலோவாற் மட்டும், பவர் ஃபக்டர் 1ஐ ஒட்டியிருந்தால், எதிர்க்குறியோடு ஏறத்தாழப் பாதியாகக் காட்டும். பகலில் பார்ப்பவர் கூரைச் சோலர் திருப்பி அனுப்புகிறது என்று எண்ணிவிடுவார். ஆகவே இருட்டிய பிறகு பாருங்கள்: மூன்று பேஸிலும் கிலோவாற் நேர்க்குறியாக இருக்க வேண்டும், கிளாம்ப் மீற்றர் காட்டும் அம்பியரோடும் ஒத்துப்போக வேண்டும். லைன் ஓடும்போது மீற்றரைக் கழற்றுவதென்றால் முதலில் சீ.ரீ. முனைகளை ஷோர்ட் செய்யுங்கள். திறந்த முனையில் ஆளைக் கொல்லும் வோல்ற் ஏறும்.

அடுத்தது டெப், அதாவது ட்ரான்ஸ்போமர் வெளியே தரும் வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும் சுவிச். மாலையில் லைன் கடைசி வீட்டில் வோல்ற் குறைகிறது என்று டெப்பை ஏற்றிவிடுவார்கள். மறுநாள் நண்பகல் சோலர் தள்ளும்போது அதே லைன் 243.8 வோல்ற்றைத் தாண்டும்; 230க்கு மேல் 6 சதவீதம் என்ற எல்லை அதுதான். ட்ரான்ஸ்போமரிலும் லைன் கடைசியிலும் ஒரு வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு எடுங்கள். நியூட்ரலில் கரண்ட் அதிகமென்றால் பேஸ்களில் சுமை சமமாக இல்லை என்று அர்த்தம்; முதலில் வீடுகளைப் பேஸ் மாற்றிச் சமப்படுத்துங்கள். பல இடங்களில் டெப்பைத் தொடவே தேவைப்படாது. தொடத்தான் வேண்டுமென்றால் 33 கிலோவோல்ற் பக்கத்தையும், சோலர் வரக்கூடிய 400 வோல்ற் பக்கத்தையும் துண்டித்து, எர்த் செய்த பிறகுதான்.

மாதச் சராசரியை வைத்துச் சுமையைக் கணிக்காதீர்கள். அம்பாறையில் பெரும்போக அறுவடையோடு அரிசி ஆலைகள் முழுமூச்சாக ஓடும். மாரியில் எடுத்த பதிவில் அந்த உச்சம் இருக்காது.

காத்தான்குடி, கல்முனைக் கரையோரத்தில் சாதாரண இரும்புப் பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். துருவேறா உருக்குப் பெட்டி, ஐபி 65 தரம் (தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகாதது), கேபிள் நுழைவது அடிப்பக்கத்தால். அன்ரனா பெட்டிக்கு வெளியே. எண்ணெய் வெப்ப சென்சரை வெயில் படும் தொட்டிச் சுவரில் ஒட்டாதீர்கள், மேல்மூடியிலுள்ள பொக்கற்றுக்குள் எண்ணெய் விட்டு இறக்குங்கள்.

மோடம் பற்றரியையும் மறக்கக்கூடாது. சூட்டில் அது செத்துவிட்டால் கரண்ட் போன செய்தியே வராது. வருடம் ஒருமுறை சப்ளையை நிறுத்தி, செய்தி போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.