டிஸ்மல்: கரிநாளிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்

காரைக்குடியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இருண்ட, சோர்வூட்டும், படுமோசமான என்றெல்லாம் பொருள்படும் 'டிஸ்மல்' (dismal) என்ற சொல்லில் மட்டும் வருடா வருடம் அதே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில், சொல்லை உடைத்துப் பொருள் தேடுகிறார்கள். 'டிஸ்லைக்', 'டிஸ்அக்ரி' போல இதிலும் 'டிஸ்' எதிர்மறை என்று நினைத்துவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. லத்தீனில் 'டியேஸ் மாலி' என்றால் கெட்ட நாட்கள். பழைய பிரெஞ்சில் 'டிஸ் மால்' ஆகி, அப்படியே இங்கிலாந்துக்கு வந்தது. இடைக்கால ஐரோப்பியக் காலண்டர்களில் மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24 என்று ஆகாத நாட்களைக் குறித்து வைத்திருந்தார்கள். எகிப்திய நாட்கள் என்றும் அவற்றுக்குப் பெயர்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "எங்க ஆச்சி காலண்டர்ல பாக்குற கரிநாள் மாதிரியா சார்?" என்று கேட்டாள். அதேதான்! கரிநாளும் தமிழ் மாதத்தில் குறிப்பிட்ட தேதிகளில் வருவது. அன்று நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். அந்த வகுப்பில் அப்புறம் யாருக்கும் இந்தச் சொல் மறக்கவில்லை.

சொல்லுக்குள்ளேயே நாள் இருப்பது ஆங்கிலேயர்களுக்கே மறந்துபோய், 'டிஸ்மல் டே' என்று இன்னொரு நாளைச் சேர்த்தார்கள். நாம் 'நடு சென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி. கெட்ட நாளைக் குறித்த சொல், பிறகுதான் இருளுக்கும் சோர்வுக்கும் பெயரடையானது.

அதிகம் மதிப்பெண் போவது மொழிபெயர்ப்பில். 'டிஸ்மல் ஃபெயிலியர்' என்பதைச் 'சோகமான தோல்வி' என்று எழுதாதீர்கள். அது படுதோல்வி. 'டிஸ்மல் பெர்ஃபார்மன்ஸ்' என்றால் படுமோசமான ஆட்டம். இந்த இடங்களில் சோகத்துக்கு வேலையே இல்லை.

பொருளாதாரத்தை 'டிஸ்மல் சயின்ஸ்' என்று ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் சொன்னது, உணவைவிட மக்கள்தொகை வேகமாகப் பெருகும் என்ற பொருளாதார அறிஞர் மால்தஸின் கணக்கைப் பார்த்துத்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் தவறு. 1849இல் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பினத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் வந்த தொடர் அது. அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு ஒத்துவராத பொருளாதார அறிஞர்களைத்தான் அப்படி ஏசினார். தெரியாமல் மேற்கோள் காட்டக்கூடாத தொடர் இது.

தனக்கு மனசு சரியில்லை என்பதற்கு 'ஐ ஆம் டிஸ்மல்' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். அங்கே 'சேட்' (sad) போதும், 'க்ளூமி'யும் சரி. டிஸ்மல் பெரும்பாலும் வானிலைக்கும் இடத்துக்கும் உரியது. கானாடுகாத்தானில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடு ஒன்றை முழுக்க 'டிஸ்மல்' என்று ஒரு பையன் வர்ணித்திருந்தான். வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றமான வளவில் வெயில் நேராக விழுகிறதே, அதற்கு எப்படிப் பொருந்தும்? வருடக்கணக்கில் கதவு திறக்காத உள்ளறைகளுக்கு மட்டும் அந்தச் சொல்லை வைக்கச் சொன்னேன். வைத்தான், கட்டுரை நன்றாக வந்தது.