ஸ்பின்லாக்குக்குள் தூங்கிய டிரைவர்

ஒரு சென்சார் போர்டின் லினக்ஸ் டிரைவர் எப்போதாவது கணினியை உறைய வைத்தது. தூங்கக் கூடாத இடத்தில், அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாத இடத்தில், தூங்கக்கூடிய அழைப்பு வந்தால் எச்சரிக்கும் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் வசதியைக் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இயக்கியதும், ஸ்டாக் டிரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) நேராக ரீட் ஃபங்ஷனைக் காட்டியது. அங்கே ஸ்பின்லாக்கை, அதாவது பிடித்திருக்கும்போது தூங்கவே கூடாத பூட்டை, பிடித்தபடியே காப்பி_டு_யூசர் (தரவைப் பயனர் நிரலின் நினைவகத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன்) அழைக்கப்பட்டிருந்தது. பயனரின் நினைவகப் பக்கம் அப்போது நினைவகத்தில் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் வரும், அந்தப் பக்கம் வரும்வரை தூங்க நேரிடும். பக்கம் பெரும்பாலும் நினைவகத்திலேயே இருப்பதால்தான் பிழை இத்தனை நாள் ஒளிந்திருந்தது. டீபக் வசதியோ பக்கம் இருந்தாலும் எச்சரிக்கும். சோதனைக் கெர்னலில் அதை அணைக்கவே கூடாது என்பேன்.

தூங்க அனுமதிக்கும் பூட்டான மியூடெக்ஸுக்கு மாற்றலாமா? முடியாது. இந்த லாக் காக்கும் தரவு பஃபரை இன்டரப்ட் ஹேண்ட்லரும் (சாதனம் குறுக்கிடும்போது ஓடும், தூங்கக் கூடாத ஃபங்ஷன்) தொடுகிறது. சரி, லாக்குக்குள் தரவைத் தற்காலிக பஃபருக்கு மெம்காப்பி (கெர்னலுக்குள்ளேயே, தூங்காமல் நகலெடுப்பது) செய்து, லாக்கை விட்டபிறகு பயனருக்கு அனுப்பினேன். அந்தத் தற்காலிக பஃபரை ஜிஎஃப்பி_கெர்னல் (நினைவகம் கிடைக்கும்வரை தூங்கக்கூடிய ஒதுக்கீட்டு முறை) கொண்டு ஒதுக்குவதும் லாக் பிடிக்கும் முன்பே நடக்க வேண்டும்; உள்ளே செய்தால் அதே எச்சரிக்கை மறுபடி வரும்.