பேஸ்பால் பாக்ஸ் ஸ்கோரைப் படிப்பது எப்படி? 1956 ஆட்டம் ஒன்றை வைத்துக் கற்போம்

பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் மொத்தக் கணக்கையும் ஒரே அட்டவணையில் அடக்குவது பாக்ஸ் ஸ்கோர். இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் செய்திகளும் எழுதியவர். ஆகவே கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசியில் வரும் சரிபார்ப்பு. அதுவரை பொறுமையாக வாருங்கள்.

நம் ஆட்டம்: 1956 அக்டோபர் 8, வேர்ல்டு சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் தொடர்) ஐந்தாவது ஆட்டம், யாங்கி ஸ்டேடியம். யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) டான் லார்சன் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்கவேண்டிய நிலை) கால்வைக்க விடவில்லை.

படி 1: இன்னிங்ஸ் வரி

புரூக்ளின் டாட்ஜர்ஸ்: 000 000 000 – 0 0 0
நியூயார்க் யாங்கீஸ்: 000 101 00எக்ஸ் – 2 5 0

ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் ஓர் எண். கடைசி மூன்றும் ரன், ஹிட் (பேஸை எட்டவைத்த அடி), எரர் (ஃபீல்டிங் பிழை). சொந்த மைதான அணி முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட் செய்யத் தேவைப்படவில்லை, அதற்குத்தான் 'எக்ஸ்'.

படி 2: பேட்டர்கள்

யாங்கீஸ் பேட்டர்களில் நால்வரை மட்டும் பார்ப்போம். நான்கு எண்களின் வரிசை: ஏபி (அட்-பேட், கணக்கில் சேரும் பேட்டிங் முறை), ரன், ஹிட், ஆர்பிஐ (தன் அடியால் வரவைத்த ரன்).

மிக்கி மேன்டில்: 3 1 1 1
ஆண்டி கேரி: 3 1 1 0
ஹேங்க் பவர்: 4 0 1 1
டான் லார்சன்: 2 0 0 0

மேன்டில் அடித்தது ஹோம் ரன் (எல்லா பேஸையும் சுற்றிவந்து ரன் எடுக்கவைக்கும் அடி). நான்காவது இன்னிங்ஸின் 1 அதுதான். ஆறாவது இன்னிங்ஸில் ரன் ஓடியவர் கேரி, அவரை ஓடவைத்த அடி பவருடையது. அதனால் ரன் கேரி கணக்கில், ஆர்பிஐ பவர் கணக்கில்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஏபி. பேட் பிடித்து நின்ற எல்லா முறையும் இதில் சேராது. வாக் (பிட்சர் நான்கு தவறான பந்துகள் வீசியதால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கிடைத்தாலோ, தன் விக்கெட்டைக் கொடுத்து மற்றவரை முன்னேற்றும் சாக்ரிஃபைஸ் பன்ட் ஆடினாலோ ஏபி ஏறாது. லார்சன் மூன்று முறை வந்தும் 2 என்று இருப்பது அதனால்தான். அந்த பன்ட்தான் கேரியை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தியது. பவரின் அடியில் ரன் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

படி 3: அடிக்குறிப்புகள்

ஹோம் ரன், டபுள் பிளே (ஒரே பந்தில் இருவர் அவுட்), பேஸில் நின்றுபோனவர்கள் (எல்ஓபி) எல்லாம் அட்டவணைக்குக் கீழே இருக்கும். யாங்கீஸ் எல்ஓபி 3 என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பிட்சர்கள்

வரிசை: இன்னிங்ஸ், ஹிட், ரன், எர்ன்டு ரன் (ஃபீல்டிங் பிழையால் வராத ரன்), வாக், ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட் ஆக்கியது). சால் மேக்லி டாட்ஜர்ஸ் பிட்சர்.

லார்சன்: 9 0 0 0 0 7
சால் மேக்லி: 8 5 2 2 2 5

இங்கே 6.1 என்று எங்காவது பார்த்தால் தசமமாக எடுக்காதீர்கள். ஆறு இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் என்று பொருள். மேக்லியின் வரியையும் நிதானமாகப் பாருங்கள்: எட்டு இன்னிங்ஸில் ஐந்தே ஹிட். வேறு எந்த நாளிலும் இது ஜெயிக்கத் தகுந்த பந்துவீச்சு.

படி 5: சரிபார்ப்பு

பேட் பிடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் முடிவு மூன்றில் ஒன்றுதான்: ரன் எடுத்திருப்பார், பேஸில் நின்றுபோயிருப்பார், அல்லது அவுட் ஆகியிருப்பார். ஆகவே இரண்டு பக்கமும் கூட்டினால் ஒரே எண் வரவேண்டும்.

யாங்கீஸ்: ஏபி 26 + வாக் 2 + சாக்ரிஃபைஸ் 1 = 29
மறுபக்கம்: ரன் 2 + எல்ஓபி 3 + அவுட் 24 (எட்டு இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று) = 29

டாட்ஜர்ஸ் பக்கம் ஏபி 27, அவுட் 27. மற்ற எல்லாமே பூஜ்யம். ஒன்பது இடங்களும் மும்மூன்று முறை வந்து போயின.

ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் வேகமாக அடித்த பந்து, கேரியின் கையுறையில் பட்டுத் தெறித்து, யாங்கீஸின் இன்னொரு ஃபீல்டரான கில் மெக்டூகல்டிடம் போய், அவர் எறிந்து அவுட் ஆக்கிய கதை இதில் கிடைக்காது. ராபின்சன் ஹிட் கட்டத்தில் ஒரு 0, அவ்வளவே. அதற்கு பிளே-பை-பிளே (ஒவ்வொரு ஆட்ட நிகழ்வையும் வரிசையாக எழுதும்) பதிவைத் தேடவேண்டும்.

நீங்களே ஓர் ஆட்டத்தைக் குறித்து, கூட்டல் உதைத்தால், முதலில் வாக் வாங்கியவருக்கு ஏபி போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போனவர்களை ஏபி, வாக், சாக்ரிஃபைஸ் கூட்டும் பக்கம் சேர்த்தீர்களா என்பது அடுத்தது. இரண்டும் சரி என்றால் எல்ஓபியை இன்னிங்ஸ் வாரியாகத் திரும்ப எண்ணுங்கள்.